பாம்புச் சட்டை மாட்டிய கூடம்

மருத மரத்தின் அடியில் இருந்த பொதுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குடிவர வந்த இரண்டு கிளிகளும் வெளியே வந்தன.

“கூடம் ஒரே இருட்டா இருக்கு. ஈர வாடை வேற,” என்றது பெண் கிளி.

“எதிர்க்கரை நாவல் மரத்தையும் பார்த்துட்டு வர்றோம்,” என்றது ஆண் கிளி.

அவை திரும்பி வரவில்லை.

இது மைனாவின் மனதை மிகவும் சுட்டது. மைனாவின் பெயர் திருமேனி. மரத்தின் உச்சிப் பொந்தில் மனைவியோடும், அப்போதுதான் சிறகு முளைத்த தங்கம் என்ற குஞ்சோடும் குடியிருந்தது. நடுக்கிளையில் அணில் வடிவு தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது. வேருக்கடியில் எலி அம்மையப்பனின் குடும்பம். அதற்கு ஏகப்பட்ட பிள்ளைகள். வேர் இடுக்கின் ஈரத்தில் தேரை மாடசாமி தனியாகக் கிடந்தது.

அடிமரத்தின் பொள்ளல்தான் எல்லோருக்கும் பொதுவான கூடம். உள்ளே வர, வேர்களுக்கு நடுவே ஒரு குறுகிய வாசல். உயரத்தில் ஒரு துவாரம். அந்தத் துவாரத்தில் யாராவது ஒருவர் முறை வைத்துக் காவல் இருப்பார்கள். மழைக்காலத்தில் எல்லாக் குடும்பங்களும் கூடத்தில்தான் ஒண்டிக்கொள்ளும். தரையில் தோண்டிய குழியில் எல்லோரும் சேர்ந்து சேமித்த தானியம் இருந்தது.

மைனா அன்றே கூட்டம் போட்டது.

“கூடத்தை அழகு பண்ணியே ஆகணும். நாலு குடும்பம் புதுசா வந்தாத்தான் காவலுக்கும் ஆள் கிடைக்கும். யாரு என்ன சொல்றீங்க?”

“அழகு பண்ணலாம் தம்பி. எதை வெச்சுப் பண்றது?” என்று கேட்டது அணில்.

தானியக் குழிக்குப் பொறுப்பாளியான எலி முன்னால் வந்து உட்கார்ந்தது. “இதோ பாருங்க. குழியோட விளிம்புக்கு மேல குவிஞ்சு நிக்கிறதை எடுத்துச் செலவு பண்ணுங்க. விளிம்புக்குக் கீழ ஒரு மணி எடுக்க விடமாட்டேன். அது மழைக்காலச் சோறு.”

அது நியாயம்தான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மைனா போய்த் தூக்கணாங்குருவியை அழைத்து வந்தது. தூக்கணாங்குருவி கூடத்தை இப்படியும் அப்படியும் பார்த்தது. “சுவர் முழுக்கப் புல்லுத் தட்டி நெய்து மாட்டிடலாம். பச்சைப் பசேல்னு இருக்கும். பாதிக் குழித் தானியம் கூலி,” என்றது.

“விளிம்புக்கு மேல இருக்கறது மட்டும்தான்,” என்றது எலி.

தூக்கணாங்குருவி அந்தக் குவியலைப் பார்த்தது. “இதுக்கு வாசல்ல போடற கால்மிதி ஒண்ணு நெய்யலாம்,” என்று சொல்லி, அப்படியே ஒரு கால்மிதியை நெய்து போட்டுவிட்டுக் கூலியை எடுத்துக்கொண்டு பறந்துபோனது.

இருண்ட கூடமும் புதிய கால்மிதியும் மிச்சம். மைனாவுக்கு அவமானமாக இருந்தது. செலவில்லாமல் அழகு கிடைக்குமா என்று காடெல்லாம் தேடி அலைந்தது.

மறுநாள் அது அலகில் எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. நீளமாக, வெள்ளையாக, மினுமினுவென்று இருந்தது. மேல் துவாரத்து வெளிச்சம் பட்டதும் செதில் செதிலாகப் பளபளத்தது.

எலியின் பிள்ளைகள் அலறிக்கொண்டு வளைக்குள் ஓடின. அணில் தன் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு கிளையேறிவிட்டது.

“ஓடாதீங்க. வெறும் சட்டை இது,” என்றது மைனா. “பாம்பு கழற்றிப் போட்ட சட்டை. இலந்தைப் புதருக்கு அப்பால இருக்கற கரையான் புற்றுல கிடந்தது. உள்ள ஒண்ணும் இல்லை. ஊதினாப் பறக்கும். பாருங்க.”

ஊதிக் காட்டியது. சட்டை பறந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த தேரை மட்டும் அசையவில்லை. அது எதையும் நிதானமாகவே பேசும்.

“திருமேனி, இதைக் கழற்றிப் போட்டவன் எங்கே?”

“எங்கேயாவது போயிருப்பான் மாமா. வேண்டாம்னுதானே போட்டுட்டுப் போயிருக்கான்?”

“வேண்டாம்னு போடலை. பத்தலைன்னு போட்டிருக்கான்,” என்றது தேரை. “அவன் சாகலை. வளர்ந்திருக்கான்.”

மைனா சிரித்தது. “மாமாவுக்கு எப்பவுமே இப்படித்தான். எல்லாத்துலயும் ஒரு பயம். வேற யாராவது செலவில்லாம இதைவிட அழகா ஒண்ணு கொண்டுவர முடியுமா? முடிஞ்சாச் சொல்லுங்க, இதைக் கொண்டுபோய் ஆத்துல போட்டுடறேன்.”

யாராலும் முடியாது. அதனால் யாரும் தடுக்கவில்லை. மைனா சட்டையைச் சுவரின் மேல் விளிம்பில் வைத்து, வால்பக்கம் கீழே தொங்கும்படி விட்டது.

முதலில் யாரும் கூடத்துக்குள் போகவில்லை. அணிலின் குட்டிகள் சட்டையைப் பார்த்தாலே உடம்பு நடுங்கி அழுதன. எலியின் மனைவி தானியம் எடுக்க வரும்போது கண்ணை மூடிக்கொண்டு வந்துவிட்டுப் போனது.

பிறகு எலியின் மூத்த பிள்ளை ஒன்று பந்தயம் கட்டிச் சட்டையின் வால் நுனியைத் தொட்டது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பிள்ளை தொட்டது. அதற்கடுத்தது பிடித்து ஆடியது. ஒரு வாரம் போவதற்குள் அணில் குட்டிகளும் அதில் ஊஞ்சலாடின.

மைனா புற்றுக்குப் போய் இன்னும் சில சட்டைகளைக் கொண்டுவந்தது. சுவரெல்லாம் மாட்டியது. வாசலில் காற்று நுழைந்து மேல் துவாரம் வழியாக வெளியேறும்போது எல்லாச் சட்டைகளும் சலசலவென்று மெல்ல ஆடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“ஒரே புற்றுல இத்தனை சட்டையா?” என்று தேரை கேட்டது. “அப்போ அவன் அங்கே குடியிருக்கான் திருமேனி. வருஷா வருஷம் அங்கேயேதான் கழற்றியிருக்கான். இது பாரு, கடைசியாக் கொண்டுவந்தது. இன்னும் ஈரம்கூடக் காயலை.”

“மாமா, நீங்க கூடத்துக்குள்ள வரவே வேண்டாம். வாசலோட இருந்துக்குங்க,” என்றது மைனா.

பிள்ளைகள் சிரித்தன. தேரை அதற்குப் பிறகு கூடத்துக்குள் வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு காகம், கூடத்தில் இருந்த மைனாவின் குஞ்சைத் தூக்கலாம் என்று வந்து மேல் துவாரத்தில் தலையை நீட்டியது. உள்ளே வரிசையாகத் தொங்கும் பாம்புகளைப் பார்த்தது. சட்டையா பாம்பா என்று பிரித்துப் பார்க்க அது நிற்கவில்லை. கத்திக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் பறந்துவிட்டது.

மைனாவுக்குப் பெருமை தாங்க முடியவில்லை. “பார்த்தீங்களா? அலங்காரத்துக்கு அலங்காரம், காவலுக்குக் காவல். இனிமே யாரும் துவாரத்துல முறை போட்டு உட்கார வேண்டாம். வெயில்லயும் காத்துலயும் ஏன் காயணும்?”

எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது. காவல் முறை நின்றது.

தேரை மட்டும் வாசலில் இருந்தபடி கேட்டது: “அப்போ மேலே யார் பார்க்கிறது?”

“சட்டைங்க பார்த்துக்கும் மாமா.”

“நான் இருக்கேன்,” என்றது தேரை. தேரையால் மேலே ஏற முடியாது. ஆகவே மரத்தடியில், வேரின் மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது. சாப்பிடக்கூட நகரவில்லை. போகிற வருகிற பிள்ளைகள், “தாத்தா கழுத்து சுளுக்கிக்கும்,” என்று கேலி செய்தன.

ஒருநாள் காலையில் வேரின் மேல் தேரை இல்லை.

அணில் அதைத் தேடிக்கொண்டு வேர் இடுக்குக்குப் போனது. மாடசாமி உட்காருகிற இடத்தில் மண் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. ஆள் இல்லை. இடுக்கிலிருந்து புழுதியில் ஒரு தடம் நெளிந்து நெளிந்து அடிமரம் வரைக்கும் போயிருந்தது, யாரோ கயிறு இழுத்துக்கொண்டு போனதைப் போல.

அணிலின் வால் தானாக விறைத்து நின்றது.

பிறகு அது தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. பிள்ளைகள் சட்டையை இழுத்து விளையாடியிருக்கும். அந்தத் தடம்தான்.

“மாமா எங்கே போனார்?” என்று மைனாவிடம் கேட்டது.

“கோபம்தான் அக்கா. வாய்க்கால் பக்கம் போயிருப்பார். நாலு நாள்ல வந்துடுவார்.”

தேரை வரவில்லை. அடுத்து எலியின் மனைவி பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டபோது ஒரு பிள்ளை குறைந்தது. திரும்பத் திரும்ப ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தது. பந்தயம் கட்டி முதலில் சட்டையைத் தொட்ட அந்த மூத்த பிள்ளைதான் இல்லை.

“வயக்காட்டுல அறுப்பு நடக்குது. அங்கே ஆசைப்பட்டுப் போயிருப்பான்,” என்று எல்லோரும் சொன்னார்கள். எலி வயலெல்லாம் தேடிவிட்டுக் கால் வலியோடு திரும்பியது. அதன் மனைவி அன்றிலிருந்து ஒரு மணி தானியம்கூடத் தின்னவில்லை. வளை வாயிலேயே உட்கார்ந்திருந்தது.

மரத்தில் பேச்சு குறைந்தது. கிளையில் ஒரு சருகு விழுந்தாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குப் பயப்படுகிறோம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பயந்து ஓடிவந்தவர்கள் எல்லோரும் கூடத்துக்குள் போய்த்தான் உட்கார்ந்தார்கள். அங்கேதான் சட்டைகள் காவல் இருந்தனவே.

மைனாவுக்கு இது பொறுக்கவில்லை. “இப்படியே விட்டா எல்லாரும் நோயில விழுந்துடுவோம். கூடம் இவ்வளவு அழகா ஆகியிருக்கு, ஒரு திறப்பு விழாகூட வைக்கலை. நாளைக்கு மத்தியானம் வைப்போம். பாட்டு, பேச்சு, எல்லாருக்கும் கம்பரிசி. அம்மையப்பண்ணே, உங்க வீட்டு அக்காவையும் கூட்டிட்டு வாங்க. நாலு பேரைப் பார்த்தா மனசு தேறும்.”

அது நல்ல எண்ணத்தில்தான் சொன்னது. எல்லோரும் சம்மதித்தார்கள்.

ஆடி மாதம். மறுநாள் காற்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். பிள்ளைகள் தானியக் குழியைச் சுற்றி உட்கார்ந்தன. மைனாவின் மனைவி வாசலோரமாக இருந்தது. மைனா தன் குஞ்சு தங்கத்தை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் துருத்திய ஒரு கட்டையின் மேல் நிறுத்தியிருந்தது. அதற்கு நேர் மேலே, துவாரத்திலிருந்து இறங்கும் விளிம்பின் நிழலில், இருப்பதிலேயே நீளமான சட்டை கிடந்தது.

அணில் கடைசியாக வந்தது. வாசலுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

மைனா பேச ஆரம்பித்தது. “என் அன்பான மருத மரத்துக் குடும்பங்களே...”

அப்போது ஒரு பெரிய காற்று வாசல் வழியாக நுழைந்தது. கால்மிதியின் ஓரம் தூக்கியது. கூடம் முழுக்கச் சட்டைகள் சலசலத்தன. அணில் அந்த அழகைப் பார்த்துக்கொண்டே கண்ணைச் சுவரைச் சுற்றி ஓட்டியது. ஒவ்வொரு சட்டையும் ஆடியது.

ஒன்று ஆடவில்லை.

தங்கத்தின் தலைக்கு மேலே இருந்த நீளமான சட்டை. காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. மற்றதெல்லாம் படபடத்தன. அது மட்டும் மரத்தோடு மரமாகக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு வீக்கம் இருந்தது. அந்த வீக்கம், எலியின் மூத்த பிள்ளை அளவுக்கு இருந்தது.

அணில் வாசலைத் திரும்பிப் பார்த்தது. ஓடிவிடலாம். வாசல் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் தன் குட்டிகள் இரண்டும் குழிக்கு அருகே, எலிப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தன. வாசலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். “பாம்பு!” என்று ஒரு சத்தம் போட்டால் எல்லோரும் முட்டிமோதி வாசலை அடைத்துக்கொள்வார்கள். மேலே கிடப்பது சாவகாசமாக இறங்கி வரும்.

அணில் எழுந்து நின்றது. குரல் தன்னுடையது போலவே இல்லை.

“தம்பி, ஒரு நிமிஷம். விழான்னா ஊர்வலம் வேண்டாமா? பிள்ளைங்க வெளியே போய் வரிசையாப் பாடிக்கிட்டே உள்ளே வரட்டுமே.”

“அது நிகழ்ச்சியில இல்லையே அக்கா,” என்றது மைனா.

“இருந்தா என்ன? பிள்ளைங்க ஆசைப்படுதுங்க. சின்னதுங்க முதல்ல. ஓடாம, ஒண்ணு பின்னால ஒண்ணா.”

எலி அம்மையப்பனுக்குக் கண் மங்கல். மேலே கிடந்தது அதற்குத் தெரியவில்லை. ஆனால் அணிலின் வாலைப் பார்த்தது. வால் குச்சியைப் போல விறைத்திருந்தது. ஆனால் அணில் சிரித்துக்கொண்டே பேசியது. ஏதோ ஆபத்து என்று எலிக்குப் புரிந்தது.

“வடிவு சொல்றது நல்லாத்தான் இருக்கு,” என்று எழுந்தது. “வாங்க பிள்ளைங்களா. அப்பா முன்னால போறேன். சத்தம் போடாம வாங்க. சத்தம் போடறவங்களுக்குக் கம்பரிசி கிடையாது.”

பிள்ளைகள் வரிசையாக வெளியே போயின. எவ்வளவு மெதுவாகப் போயின! அணில் ஒவ்வொரு பிள்ளையையும் மூக்கால் தள்ளித் தள்ளி அனுப்பியது. அதன் இரண்டு குட்டிகளும் போயின. எலியின் மனைவி போனது. “எல்லாரும் போறாங்க, நானும் பார்க்கிறேன்,” என்று மைனாவின் மனைவியும் போனது.

கூடத்தில் மைனாவும் அணிலும் குஞ்சும்தான் மிச்சம்.

“என் பேச்சைக் கெடுத்துட்டீங்களே அக்கா,” என்றது மைனா.

அணில் அதன் அருகே வந்து, கால்மிதியைச் சரி செய்வது போலக் குனிந்தது. “தம்பி, திரும்பாதே. நான் சொல்றதைக் கேளு. காத்து அடிக்குது. எல்லாச் சட்டையும் ஆடுது. தங்கம் தலைக்கு மேல இருக்கறது ஆடலை.”

மைனாவின் அலகு திறந்தபடியே நின்றது. அந்த இடத்தில் தான் எந்தச் சட்டையும் மாட்டவில்லை என்பது அதற்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“தங்கத்துக்கு இன்னும் சரியாப் பறக்க வராதுக்கா,” என்றது மிகவும் மெல்ல.

“தெரியும். நான் கட்டைக்குக் கீழே போறேன். நீ பேசிக்கிட்டே இரு. நிறுத்தாதே.”

மைனா கூடத்தின் மறுபக்கத்துக்குத் தத்திப் போனது. பேச ஆரம்பித்தது.

“என் அன்பான... மருத மரத்துக் குடும்பங்களே. இந்தக் கூடம்... இந்தக் கூடம் முன்னால எப்படி இருந்ததுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும்.”

“எனக்குத் தெரியாதே,” என்றது மேலேயிருந்து ஒரு குரல். உரக்கவும் இல்லை, கோபமும் இல்லை. “சொல்லு. உன் பேச்சை நான் தினமும் கேட்கிறேன். நல்லாப் பேசறே.”

ஆடாத சட்டையின் தலை மெல்லத் திரும்பியது. அது ஒரு பெரிய சாரைப் பாம்பு. கண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. மைனா பேசும் பக்கம் அந்தக் கண் நகர்ந்தது.

“நீ... நீங்க எப்போ வந்தீங்க?” என்று கேட்டது மைனா.

“கூப்பிட்டதும் வந்தேன். என் வீட்டு வாசல்ல நான் கழற்றிப் போட்டதையெல்லாம் எடுத்துட்டு வந்து உங்க கூடத்துல வரிசையா மாட்டி வெச்சிருக்கீங்க. மேல் வாசலைத் திறந்து வெச்சுக் காவலையும் எடுத்துட்டீங்க. இதுக்குப் பேர் அழைப்பு இல்லாம என்ன?”

மைனா ஓரக்கண்ணால் பார்த்தது. அணில் சுவரோரமாக ஊர்ந்து கட்டைக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தது. குஞ்சைப் பார்த்து, இறங்கு இறங்கு என்று வாலை அசைத்தது. தங்கம் ஒன்றும் புரியாமல் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தது.

“மாடசாமி மாமாவை...” என்றது மைனா, நிறுத்தக் கூடாது என்பதற்காக.

“அந்தத் தேரையா? உங்களிலேயே அவர் ஒருத்தர்தான் என்னைப் பார்த்ததும் இன்னார்னு கண்டுகொண்டார். கத்தினார்கூட. நீங்க யாரும் வரலை. ஏன் வரலை?”

காலையில் தேரை கத்தினால் அது வழக்கமான புலம்பல் என்று எல்லோரும் திரும்பிப் படுப்பார்கள். மைனாவுக்கு அது தெரியும். ஆனாலும் பேசியது. சட்டைகளின் பளபளப்பைப் பற்றிப் பேசியது, காகம் ஓடியதைப் பற்றிப் பேசியது, தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே பேசிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தத்து தத்தி, குஞ்சிடமிருந்து விலகி விலகிப் போனது. பாம்பின் தலையும் அதன் பின்னாலேயே நகர்ந்தது.

“மற்றவங்க எல்லாம் வெளியே போறதைப் பார்த்தேன்,” என்றது பாம்பு. “போகட்டும். தானியம் இங்கேதானே இருக்கு? வருவாங்க.”

அப்போது தங்கம் இறங்கியது. கட்டையிலிருந்து பாதி பறந்து, பாதி விழுந்து, தரையில் பொத்தென்று மோதி, “அம்மா!” என்று கத்தியது.

பாம்பின் தலை மின்னலாகத் திரும்பிக் கீழே பாய்ந்தது. மைனா யோசிக்கவில்லை. நேராக அதன் முகத்தில் போய் விழுந்து கண்ணைக் கொத்தியது. அணில் குஞ்சை முட்டித் தள்ளி உருட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடியது. வெளியே வந்ததும்தான் திரும்பிப் பார்த்தது.

உள்ளே சிறகடிக்கும் சத்தம் கேட்டது. சட்டைகள் கிழியும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மைனாவின் மனைவி வாசலை நோக்கி ஓடியது. எலி அதை மறித்துக்கொண்டது.

கால்மிதி அசைந்தது. மைனா நடந்து வெளியே வந்தது. இடது சிறகு இருந்த இடத்தில் இரண்டு மூன்று இறகுகள் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. யாரையும் பார்க்காமல், “கண்ணைக் கொத்தினதும் விட்டுட்டான், உள்ளதான் இருக்கான். போங்க, போங்க, நிக்காதீங்க,” என்று சொல்லிக்கொண்டே நடந்தது.

எல்லோரும் போனார்கள். அன்று மாலையே மருத மரம் காலியானது. கூடு, வளை, படுக்கை எதையும் எடுக்க முடியவில்லை. எலி இவ்வளவு காலம் ஒரு மணிகூட விடாமல் காத்த தானியக் குழியும் அங்கேயே போயிற்று. ஒரே ஒரு தடவை அதை எடுத்துவரலாம் என்று எலி கிளம்பியது. அதன் மனைவி வாலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எலி உட்கார்ந்துவிட்டது.

வாய்க்கால் ஓரத்தில் இடி விழுந்து முறிந்த ஒரு பனை நின்றது. அதில் போய் ஒண்டினார்கள். அங்கே கூடமும் இல்லை, அழகும் இல்லை. மழைக்காலம் வந்தது. பசியோடுதான் கழிந்தது. புளியங்கொட்டையை ஊறவைத்துத் தின்றார்கள். மைனாவுக்கு மறுபடி பறக்க வரவில்லை. அணிலும் எலியும் கிடைத்ததில் ஒரு பங்கை அதன் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். அது தங்கத்துக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்னும்.

வெளியில் தேரைகள் கத்தும்போதெல்லாம் மைனா எழுந்து வாயிலுக்குப் போய் நின்று கேட்கும். மாடசாமியின் குரல் அதில் இருக்காது என்று அதற்குத் தெரியும். ஆனாலும் போகும்.

மழை விட்டதும் பனையைச் செப்பனிடக் கூட்டம் போட்டார்கள். வழக்கம்போல எல்லோரும் மைனா பேசட்டும் என்று காத்திருந்தார்கள்.

மைனா கேட்டது: “இந்த இடத்துல யாருக்காவது எதைப் பார்த்தாவது பயமா இருக்கா? இருந்தா அவங்க முதல்ல பேசட்டும். நாங்க சிரிக்க மாட்டோம்.”

எலியின் கடைசிப் பிள்ளை எழுந்து நின்றது. பனை மட்டையின் இடுக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது என்றும், அதைப் பார்த்தால் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றும் சொன்னது. எல்லோரும் எழுந்து போய் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, மண் குழைத்து அடைத்தார்கள்.

செலவில்லாமல் கிடைத்தது என்று ஆபத்தின் அடையாளத்தை வீட்டில் அலங்காரமாக மாட்டிவைத்தால், ஆபத்தே நேரில் வந்து கிடக்கும்போது அதுவும் அலங்காரமாகத்தான் தெரியும்.